கவசமும் மூச்சும்

கர்ணனுடைய கவசத்தைப் போல அளவு பொருந்திய கவசம் உலகத்தில் வேறொன்று கிடையாது. அது அவன் உடம்போடு பிறந்தது. அவன் வளர வளர அதுவும் வளர்ந்திருக்க வேண்டும். அக்குளில் உரசிற்று, கழுத்தை அறுத்தது, உட்கார்ந்தால் வயிற்றில் குத்திற்று என்றெல்லாம் வியாசர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அதனால்தான், இந்திரன் பிராமண வேஷத்தில் வந்து கேட்டதும் கர்ணன் அதை அறுத்துக் கொடுக்கிற கட்டத்தில் நமக்கு உடம்பு சிலிர்க்கிறது. சட்டையைக் கழற்றிக் கொடுக்கிற தானம் அல்ல அது. தோலை உரித்துக் கொடுக்கிற தானம்.

கர்ண வேஷம் கட்டுகிறவனுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. அவனுடைய கவசம் யாரோ செய்தது. யாருக்கோ செய்தது. பெரும்பாலும் வாடகைக்கு வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டி, பின்னால் ஒருவர் இழுத்துக் கட்டி, "போதுமா, இன்னும் இறுக்கட்டுமா?" என்று கேட்பார். நடிகன் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு "போதும்" என்பான். அந்த நிமிஷத்திலேயே அன்றைய நாடகத்தில் பாதி தீர்மானமாகிவிடுகிறது.

இப்போது நம் காவிரிக்கரை ஊர்களில் இந்தக் கவசங்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக்காகிவிட்டன. கோயில் திருவிழா நாடகம், பள்ளிக்கூட ஆண்டு விழா, ஊர்வலத்தில் வருகிற ராஜராஜன், கல்யாண மண்டப வாசலில் ஈட்டியோடு நிற்கிற சேவகன், எல்லார் மார்பிலும் பிளாஸ்டிக்தான். அட்டையும் ஜிகினாவும் வெல்வெட்டும் இருந்த இடத்தில் பி.வி.சி. தகடும், ஹவாய்ச் செருப்புக்கு உபயோகப்படுகிற மாதிரியான நுரை ரப்பர் ஷீட்டும், ஃபைபரும் வந்திருக்கின்றன. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. லேசான பொருள், மழையில் நனைந்தாலும் ஊறாது, விலையும் குறைவு. கேள்வி அதைக் கொண்டு என்ன செய்கிறார்கள் என்பதுதான்.

இது ஒரு விமர்சனத்துக்குரிய விஷயமா என்று சிலர் கேட்கலாம். வசனத்தைப் பற்றி எழுதுகிறோம், பாட்டைப் பற்றி எழுதுகிறோம், நடிப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். நடிகனின் மார்பில் என்ன கட்டியிருந்தது என்று எவரும் எழுதுவதில்லை. ஆனால் அந்த மார்பில் கட்டியதுதான் அவன் எவ்வளவு மூச்சு விடலாம் என்பதை நிர்ணயிக்கிறது. மூச்சு நிர்ணயமானால் வசனம் எங்கே முறியும் என்பதும் நிர்ணயமாகிவிடுகிறது. ஒரு விருத்தத்தை மூன்று இடத்தில் உடைத்துப் பாடுகிறவனைப் பார்த்து, "சாரீரம் போதவில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போகிறோம். சாரீரத்தின்மேல் ஒரு தகடு அழுத்திக்கொண்டிருந்தது நம் கண்ணில் படுவதில்லை.

டெல்டாவில் ஓர் ஊரில், பெயர் வேண்டாம், ஒரு கர்ணன் நாடகம் பார்த்தேன். நல்ல நடிகன், குரலும் உயரமும் நன்றாக அமைந்திருந்தன. தங்க நிறத்தில் தகதகவென்று ஒரு மார்க்கவசம். முதல் காட்சியில் கைதட்டல். இரண்டாவது காட்சியில் அவன் வில்லை உயர்த்தினான். கை தோள் மட்டத்துக்குமேல் போகவில்லை. கவசத்தின் ஓரம் அக்குளில் முட்டிக்கொண்டு நின்றது. கையை உயர்த்த முடியாதபோது முழு உடம்பையும் சாய்த்தான். வில்லாளி ஒரு க்ஷணம் ஏணியில் ஏறுகிறவன் மாதிரி ஆகிவிட்டான். சிம்மாசனத்தில் உட்கார்ந்ததும் கவசம் மேலே எழும்பி மோவாயைத் தொட்டது. கடைசியில் கவச தானம். சபை நிசப்தமாக இருந்தது. கர்ணன் கண்ணை மூடிக்கொண்டு கவசத்தைப் பற்றி இழுத்தான். பக்கவாட்டில் இருந்த வெல்க்ரோ பட்டை 'பர்ர்' என்று கிழிந்த சத்தம் மைக்கில் விழுந்து பந்தல் முழுவதும் கேட்டது. முன் வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அதைச் செய்தவர் அழகைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பூவேலையும் யாளி முகமும் வெகு நேர்த்தி. போட்டோ எடுத்தால் பிரமாதமாக வரும். உள்ளே ஒரு மனுஷன் இருப்பான், அவன் கையைத் தூக்குவான், உட்காருவான், அழுவான் என்பதை மட்டும் அவர் நினைக்கவில்லை.

இந்தப் பார்வை எங்கிருந்து வந்திருக்கலாம் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. கும்பகோணத்திலும் சுவாமிமலையிலும் தஞ்சாவூரிலும் சுவாமிக்குக் கவசம் செய்கிற கைகாரர்கள் இருக்கிறார்கள். தாமிரத் தகட்டையோ வெள்ளித் தகட்டையோ அரக்கின்மேல் பதித்து, சிற்றுளியால் தட்டித் தட்டி உருவம் எழுப்புகிற வேலை. திருமுகம், மார்பு, கை, பாதம் என்று தனித்தனித் துண்டாகச் செய்து, விக்கிரகத்தின்மேல் பொருத்துவார்கள். மயிரிழை பிசகாமல் உட்காரும். அதற்கு மேல் ஓர் அளவு வேலை கிடையாது. ஆனால் அணிகிறவர் அசையாதவர், வியர்க்காதவர். நம் கவசக் கற்பனைக்கே அந்த வேலைதான் முதல் குரு. அதைப் பார்த்துப் பழகிய கண், நடிகனையும் விக்கிரகமாகப் பார்க்கிறது. குரு உத்தமர், பாடம்தான் வேறு.

நடமாடுகிறவனுக்கு வேஷம் கட்டுகிற பாடம் வேண்டுமென்றால் அதுவும் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. பொய்க்கால் குதிரையைப் பாருங்கள். காலில் கட்டை. இடுப்பைச் சுற்றிக் குதிரைக்கூடு. அந்தக் கூட்டின் பாரம் தோள் பட்டைகளில் தொங்குகிறது; மார்பைத் தொடுவதில்லை. கை இரண்டும் சுதந்திரம். ஆடுகிறவன் மூச்சுக்குக் குறுக்கே எதுவும் நிற்பதில்லை. உள்ளே மூங்கில் போன்ற லேசான சட்டம், வெளியே காகிதமும் துணியும் கண்ணாடித் துண்டும். ராஜாவும் ராணியும் மணிக்கணக்கில் தெருத் தெருவாக ஆடிக்கொண்டு வருகிறார்கள். நமக்குத் தெரிவது குதிரை துள்ளுகிற துள்ளல்தான். ஆளும் கூடும் இரண்டாகத் தெரிந்தால் அன்றைக்கு ஆட்டம் இல்லை.

டெல்டாவைத் தாண்டி வடக்கே போனால் காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கூத்து இதையே வேறு விதமாகச் சாதித்திருக்கிறது. கட்டை வேஷம் என்று அவர்கள் சொல்வதே கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் என்ற மர அணிகளை வைத்துத்தான். கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செதுக்கி, மேலே கண்ணாடித் துண்டும் வண்ணத் தாளும் ஒட்டியவை. மார்பில் ஒன்று, தோளுக்கு ஒவ்வொன்று, தலைக்கு ஒன்று என்று துண்டு துண்டாகக் கட்டுகிறார்கள். ஒன்றை ஒன்று இடிப்பதில்லை. துரியோதனனோ கர்ணனோ இரவு தொடங்கி விடிய விடிய ஆடவும் கிறுகிறுவென்று சுற்றவும் அடித் தொண்டையிலிருந்து பாடவும் முடிகிறது. உடம்பு எங்கே மடிகிறதோ அங்கே கவசம் இருக்கக் கூடாது என்ற சட்டத்தை அவர்கள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஆடி ஆடிக் கண்டுபிடித்தார்கள்.

இதற்கு ஒரு மறுப்புச் சொல்லலாம். கஷ்டப்பட்டு அணிவதிலும் ஒரு பொருள் இல்லையா? உண்டு. மெலட்டூர் பாகவத மேளாவில் பிரகலாத சரித்திரம் நடக்கிறபோது நரசிம்ம வேஷத்துக்கு உரிய முகம், வெறும் நாடகச் சாமான் அல்ல. கோயிலில் வைத்துப் பூஜிக்கப்படுவது. அதை அணிகிறவர் உபவாசம் இருக்கிறார். அணிந்த பிறகு ஆவேசம் வந்து, அவரைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருக்கிறது. அங்கே பாரம் என்பது வழிபாட்டில் சேர்ந்தது. அதைக் குறைக்கச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனால் அதே மேடையில் எதிரே நிற்கிற இரணியனை யாரும் பூஜிப்பதில்லை. அவன் தர்க்கம் செய்ய வேண்டும், அதட்ட வேண்டும், ஆட வேண்டும். நரசிம்மத்துக்குக் கனம் விரதம். இரணியனுக்குக் கனம் வெறும் கனம். நம் நாடகக் கவசங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது இரணியன் கட்சியைச் சேர்ந்தவை.

இன்னொரு மறுப்பு சரித்திரத்தின் பேரில் வரும். "சோழன் அப்படித்தான் அணிந்தான், நாங்கள் என்ன செய்வது?" என்பார்கள். சோழன் எப்படி அணிந்தான்? 1931-ல் எஸ். கே. கோவிந்தசாமி தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்களைக் கண்டுபிடித்தார். அங்கேயும், கோயில் சிற்பங்களிலும், நாம் பெரும்பாலும் பார்ப்பது வெற்று மார்பு. அதன்மேல் ஆபரணம். தமிழர்களுக்குக் கவசமே தெரியாது என்பதல்ல. புறநானூற்றில் புலித்தோல் கவசம் வருகிறது; அம்பு பட்டுக் கிழிந்த கவசம். பதிற்றுப்பத்தில் மெய்ம்மறை என்ற அருமையான சொல் இருக்கிறது. மெய்யை மறைப்பது. ஆனால் வயிற்றில் ஆறு கட்டம் வார்த்து, மார்பில் சிங்க முகம் வைத்த தங்கத் தகடு நம் கல்வெட்டிலிருந்தோ காவியத்திலிருந்தோ வந்ததல்ல. கம்பெனி நாடகமும், காலண்டர் படமும், பிற்பாடு சினிமாவும் சேர்ந்து தைத்த சட்டை அது.

பத்திரிகைச் சித்திரத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1950-ல் 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது மணியம் வரைந்த படங்கள்தாம் இரண்டு தலைமுறைக்கு சோழ நாடு. இன்றைக்கும் அந்தக் கோடுகளின் நளினத்துக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் காகிதத்து வந்தியத்தேவனுக்கு வியர்ப்பதில்லை. அவன் குதிரைமேல் ஏறும்போது கவசம் இடிப்பதில்லை. அந்தப் படத்தைப் பார்த்து அப்படியே பிளாஸ்டிக்கில் வெட்டுகிறவர், சித்திரக்காரர் தீர்க்க வேண்டியிராத ஒரு கணக்கைத் தாம் தீர்க்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்.

சரித்திரம் கட்டாயப்படுத்தவில்லை என்றால், அதன் அர்த்தம் கவசக்காரருக்கு முழுச் சுதந்திரம் இருக்கிறது என்பது. நடிகனுக்கு இதமாகச் செய்வதற்கு அவருக்கு எந்தத் தடையும் இல்லை. நடிகனை வதைத்தால் அதற்குச் சாக்கும் இல்லை.

சினிமாவைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். பி. ஆர். பந்துலுவின் 'கர்ணன்' (1964) படத்திலும், டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றிய அரு. ராமநாதன் நாடகத்திலிருந்து பிறந்து, தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக 1973-ல் வந்த 'ராஜராஜ சோழ'னிலும் சிவாஜி கணேசன் நகையும் ஜரிகையும் சுமந்துகொண்டே கர்ஜித்தார் அல்லவா என்பார்கள். கர்ஜித்தார். நாடகக் கம்பெனியில் சின்ன வயதிலிருந்து வேஷம் சுமந்து பழகிய உடம்பு அது. மேலும் சினிமாவில் ஒரு வாக்கியம் முடிந்ததும் 'கட்' என்று சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். விசிறி இருக்கிறது. உட்காரும் ஷாட்டுக்கு ஒரு கவசம், நிற்கிற ஷாட்டுக்கு ஒரு கவசம் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். மேடையில் ஒரே கவசம், ஒரே மூச்சு, ஒரே இரவு. 2022-ல் வந்த மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வ'னில் பளபளப்பைக் குறைத்து, மண்ணும் புழுதியும் பட்ட நிறங்களில் போர்க்கோலம் காட்டினார்கள். அதைப் பார்த்தாவது வாடகைக் கடைகள் தங்கப் பூச்சைக் குறைக்கும் என்று எதிர்பார்த்தேன். குறைக்கவில்லை. படத்தின் கிரீடத்தை மட்டும் காப்பி அடித்துவிட்டு, பழையபடி அதற்கும் தங்கம் பூசினார்கள்.

வெளி தேசத்தார் இந்த விஷயத்தில் எல்லாம் தெரிந்தவர்கள் என்றும் நினைக்க வேண்டாம். 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் வெள்ளைக் கவசச் சிப்பாய்கள் உலகப் பிரசித்தம். பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, அச்சின்மேல் போட்டு, அடியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தால் தகடு அச்சோடு ஒட்டிக்கொண்டு அந்த வடிவம் பெறும். அப்படிச் செய்த கவசம். அதை மாட்டிக்கொண்டவர்களால் சௌகரியமாக உட்கார முடியவில்லை. தலைக்கவசத்துக்குள்ளிருந்து சரியாகப் பார்க்கவும் முடியவில்லை. ஒரு சிப்பாய் கதவு மேல்சட்டத்தில் மண்டையை இடித்துக்கொள்கிற ஷாட் படத்தில் அப்படியே தங்கிவிட்டது. அந்தத் தலைக்கவசத்தின் பேரில் பிற்பாடு ஒரு வழக்கு. அது சிற்பமா இல்லையா என்பது கேள்வி. 2011-ல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், அது சிற்பம் அல்ல, படம் எடுப்பதற்கு உபயோகமான ஒரு சாமான் என்று தீர்ப்பளித்தது. சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் விமர்சன ரீதியில் அந்தத் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்கிறேன். வேஷக் கவசம் சிற்பம் அல்ல. பார்ப்பதற்காக மட்டும் இருப்பதல்ல. அதை வைத்து வேறு ஒரு காரியம் நடக்க வேண்டும்.

பிளாஸ்டிக்கைக் கொண்டு அந்தக் காரியத்தைச் சாதித்தவர்களும் உண்டு. 2001-லிருந்து வந்த 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களுக்காக நியூஸிலாந்தில் பிளாஸ்டிக் குழாயைச் சின்னச் சின்ன வளையங்களாக நறுக்கி, ஒன்றோடொன்று கையால் கோத்து, சங்கிலிச் சட்டை செய்தார்கள். கோத்த வளையங்கள் ஒரு கோடிக்கு மேல். நம் பம்புசெட்டுக் கொட்டகையில் கிடக்கிற குழாயின் தூரத்து உறவுதான். உடம்போடு அசைந்தது, காற்றும் புகுந்தது, பார்த்தவர்களுக்கு இரும்பாகவே தெரிந்தது. பொருள் மட்டம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வழியில்லை.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? நல்ல கவசக்காரர்களிடம் உட்கார்ந்து பேசியதில் எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன்.

மார்புத் தகடு விலா எலும்பு முடிகிற இடத்திலேயே முடிய வேண்டும். அதற்குக் கீழே இடுப்பு வரை தனிப் பட்டைகளாக, ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். அப்போதுதான் குனியலாம், உட்காரலாம். அக்குள் வெட்டு தாராளமாக இருக்கட்டும். இடைவெளி தெரிகிறதே என்றால் தோள் தகட்டை வாரில் தொங்கவிட்டு அதை மறைக்கலாம். கை எழுந்தால் தோள் தகடும் எழும். முன் தகடும் பின் தகடும் பக்கத்தில் முட்டக் கூடாது. இரண்டு விரல் இடைவெளி விட்டு, மேலே ஒரு மடிப்பு போட்டு மூட வேண்டும். மூச்சு இழுத்தால் விரிய அந்த இரண்டு விரல்தான் இடம். பாரம் முழுவதும் தோளில் நிற்காமல் அரைக்கச்சையில் பாதி இறங்க வேண்டும். பிளாஸ்டிக் காற்றை விடாது. ஆகவே உள்ளே பருத்தி பனியன், தகட்டுக்கும் உடம்புக்கும் நடுவே அங்கங்கே கம்பளித் திண்டு. சித்திரை, வைகாசி மாதத்துத் தஞ்சாவூர்ப் புழுக்கத்தில் அந்த அரை அங்குலக் காற்று அமிர்தம். இணைப்புக்குத் தோல் வாரும் கொக்கியும் இருக்கட்டும். வெல்க்ரோவை அழுகைக் காட்சி உள்ள நாடகத்தில் சேர்க்கவே வேண்டாம்.

இதெல்லாம் இதம். அழகுக்கு வருவோம். நுரை ஷீட்டை அப்படியே வெட்டினால் ஓரத்தில் செருப்பு தெரியும். கத்தியைச் சாய்த்து ஓரத்தைச் சரிவாக வெட்ட வேண்டும். சூட்டுக் காற்றைக் காட்டினால் ஷீட் மேல்தோல் இறுகி, வளைத்த வளைவில் நிற்கும். பிறகு பசையால் மேலே ஒரு பூச்சு கொடுத்து மூடினால்தான் வர்ணம் உள்ளே இழுக்காது. வளைகிற இடத்தில் வளைகிற வர்ணம் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது நாடகத்தில் கவசம் வயல் வெடிப்பு மாதிரி வெடிக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், முதலில் கறுப்பு. அதன்மேல் உலோக நிறத்தை மேடான இடத்தில் மட்டும் தடவ வேண்டும். பள்ளத்தில் கறுப்பு நின்றால் கண் அதைக் கனமென்று எண்ணிக்கொள்ளும். முழுக்கத் தங்கம் அடித்தால் விளக்கு வெளிச்சத்தில் ஒரே வெள்ளைத் திட்டு. செய்த பூவேலை அவ்வளவும் போச்சு. ஒட்டினதைச் சூடான வேனில் போட்டு வைத்தால் சூட்டுப் பசை இளகிப் பிரிந்துவிடும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இந்த இரண்டு பாராவையும் திரும்பப் படித்தால் ஒன்று தெரியும். இதமும் அழகும் எங்கேயும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. ஓடு வேய்ந்தாற்போலப் பட்டைகள் படிவது உட்காருவதற்கும் வேண்டும், பார்வைக்கும் லட்சணம். தொங்குகிற தோள் தகடு கையையும் காப்பாற்றுகிறது, நடையில் ஒரு ராஜ அசைவையும் தருகிறது. "அழகு வேண்டுமென்றால் கொஞ்சம் கஷ்டப்படத்தான் வேண்டும்" என்பது கவசக்காரர்கள் சொல்கிற சமாதானம். அதை நான் மறுக்கிறேன். நடிகன் படுகிற கஷ்டம் மறைந்திருப்பதில்லை. மூன்றாவது வரிசைக்குள் தெரிந்துவிடுகிறது. அக்குளைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிற ஒருவனை அங்க தேசத்து அரசன் என்று நம்ப எந்த ரசிகனாலும் முடியாது.

இதில் பண விஷயமும் இருக்கிறது, மறைப்பானேன்? வாடகைக் கடைக்காரருக்கு ஒரே கவசம் பத்து உடம்புக்கு ஆக வேண்டும். அதற்கும் வழி உண்டு. பக்க வார்களில் துளைகள் வரிசையாக இருந்தால் ஒல்லிக்கும் பருமனுக்கும் ஒன்றே ஆகும். செலவு அதிகமில்லை, யோசனைதான் செலவு. விழாக் குழுவார் பந்தலுக்கும் சீரியல் விளக்குக்கும் ரசீது புத்தகம் ரசீது புத்தகமாக வசூலிக்கிறார்கள். வேஷக் கணக்கில் மட்டும் பேரம் பேசுகிறார்கள். அந்தப் பேரத்தின் பாக்கியைக் கட்டுகிறவன் நடிகன். விடிந்து முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறும்போது அவன் கழுத்தில் இருக்கிற சிவந்த கோடு அதற்கு ரசீது.

கவசக்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றே. வர்ணம் அடிப்பதற்கு முன்னால், கவசம் வெள்ளையும் கறுப்புமாக இருக்கிறபோதே, அணியப் போகிறவனைக் கூப்பிட்டு மாட்டிவிடுங்கள். உட்காரச் சொல்லுங்கள். பெரியவர் காலில் விழுந்து எழுந்திருக்கச் சொல்லுங்கள். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு விருத்தத்தை மூச்சு முறியாமல் பாடச் சொல்லுங்கள். இந்த நாலும் நடந்தால் தங்கமோ தாமிரமோ உங்கள் இஷ்டம்போல் பூசிக்கொள்ளலாம். ஒன்று தவறினாலும் கத்தியை எடுத்து இன்னும் ஓர் அங்குலம் வெட்டுங்கள்.